கிராமபோன் தட்டு சேர்க்க வருகிறவர்களுக்கு: முதலில் உள்வட்டத்தைப் படியுங்கள்

பழைய பாட்டுத் தட்டு சேர்க்கலாம் என்று ஆசை வந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "இது என்ன விலைங்க போகும்?" என்பதுதான். விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கையில் இருக்கிற தட்டில் உள்ள பாட்டு எப்போது பதிவானது, தட்டு எந்த ஊர் ஆலையில் அச்சானது என்று நீங்களே கண்டுபிடிக்கப் பழகிவிட்டால் விலை பேசுவது பெரிய விஷயம் இல்லை. அது தெரியாதவரைக்கும், லேபிளில் நாய் மார்க்கை, அதாவது ஹெச்.எம்.வி.யின் நாய் படத்தைக் காட்டி எவரும் எதையும் உங்கள் தலையில் கட்டிவிடுவார். இந்தக் கட்டுரை கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், கரூர் என்று நம் பக்கத்தில் இருந்துகொண்டே தொடங்குகிறவர்களுக்கு.

அரக்குதானா என்று பாருங்கள்

நாம் தேடுவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு. பெரும்பாலும் 10 அங்குலம், ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டு. 12 அங்குலத் தட்டும் உண்டு, அதில் நாலரை நிமிடம் வரை போகும். அரக்கோடு கல்மாவும் புகைக்கரியும் கொஞ்சம் பஞ்சு நாரும் கலந்து சூட்டில் அழுத்தியது, அதனால் கனமாகவும் விறைப்பாகவும் இருக்கும். வளைத்துப் பார்த்துச் சோதிக்கவே கூடாது, பின்னால் வந்த வினைல் என்ற பிளாஸ்டிக் தட்டுதான் வளையும், இது உடைந்துவிடும். தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரத்தில் பிடித்து, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுங்கள். சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே சோதனைதான்: முழுத் தட்டு என்றால் ஒலி நின்று கேட்கும், கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் மொட்டையாக அடங்கும்.

78 என்பதாலேயே அது மிகப் பழையது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மற்ற நாடுகள் விட்டபிறகும் இங்கே 1960களில் கூட 78 அச்சாகிக்கொண்டிருந்தது. பீட்டில்ஸ் பாட்டே இந்தியாவில் 78ஆக வந்திருக்கிறது. ஆகவே "நூறு வருஷத்துத் தட்டு" என்று விற்பவர் சொல்வது பல நேரம் அறுபது வருஷத்துத் தட்டாக இருக்கும்.

எங்கே தேடுவது

உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் சுற்றலாம், தப்பில்லை, ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் பாதி உடைந்திருக்கும், மீதிக்கு உறை இருக்காது. அதைவிட நல்ல இடம் மைக் செட்காரர்களின் வீடு. கல்யாணம், கோயில் நோம்பி, கட்சிக் கூட்டம் என்று குழாய் கட்டிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள்தான். டூரிங் டாக்கீஸ்களிலும் படம் தொடங்கும் முன் தட்டுதான் ஓடும். அந்தக் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் இப்போது ஆம்ப்ளிஃபையர், எல்.இ.டி. விளக்கு என்று தொழில் செய்துகொண்டிருப்பார்கள், தட்டுப் பெட்டி மட்டும் பரணில் கிடக்கும். ஒரே கஷ்டம், அவை நூற்றுக்கணக்கான தடவை ஓடித் தேய்ந்தவை. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி ஓடும் வரிகள் கறுப்பாகப் பளபளக்காமல் சாம்பல் நிறமாகத் தெரியும். அப்படிப்பட்டதைக் கேட்பதற்காக வாங்காதீர்கள், தகவலுக்காக வாங்கலாம்.

அடுத்தது தொட்டிக்கட்டு வீடுகள். பாகம் பிரிக்கும்போதும் வீட்டை இடிக்கும்போதும்தான் கிராமபோன் பெட்டியும் தட்டுகளும் வெளியே வரும். அங்கே ஓடின எண்ணிக்கை குறைவு, பெரும்பாலும் ஒறம்பரை வந்தால் மட்டும் சாவி கொடுத்துப் போட்டிருப்பார்கள், அதனால் தட்டு நல்ல நிலையில் இருக்கும். வால்பாறை, நீலகிரி எஸ்டேட் பங்களாக்களிலிருந்து வருபவை பெரும்பாலும் ஆங்கில நடனப் பாட்டு. அவற்றில் இங்கிலாந்தின் ஹேஸ் ஆலையில் அச்சானவை நிறைய, அச்சு அடையாளங்களைப் படித்துப் பழக மலிவாகக் கிடைக்கும் பாடப்புத்தகம் அவைதான் என்பேன்.

வீட்டுக்குப் போனால் நேரே தட்டைக் கேட்காதீர்கள். "ஏனுங்க அம்மணி, இந்தப் பெட்டி எப்பங்க வாங்குனது, எந்த ஊருக் கடைல?" என்று வீட்டில் பெரியவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் கடைப் பெயரும் ஊரும் எந்தப் புத்தகத்திலும் இருக்காது. அப்புறம் ஒன்று, அந்தப் பாட்டை நகல் எடுத்து அவர்கள் போனுக்கு அனுப்பிவிடுங்கள். இதைச் செய்யாமல் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவர்களால்தான் அடுத்து வருகிறவருக்குக் கதவு திறப்பதில்லை.

பித்தளைக் குழல் வைத்துப் பளபளவென்று நிற்கும் "ஆன்டிக்" கிராமபோன்களைப் பற்றி ஒரே வரி: பெரும்பாலானவை பழைய மோட்டாருக்குப் புதுப் பெட்டியும் புதுக் குழலும் பொருத்தியவை, அந்தப் பணத்துக்கு நூறு தட்டு வாங்கலாம்.

உள்வட்டத்தைப் படிப்பது

இதுதான் முக்கியமான வேலை, பொறுமையாகச் செய்யுங்கள். ஒரு தட்டில் இரண்டு விதமான எண் இருக்கும். லேபிளில் அச்சிட்ட எண், கடைக்காரர் ஆர்டர் கொடுப்பதற்கான பட்டியல் எண். இன்னொன்று, ஊசி ஓடும் வரி முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வெறுமையாக இருக்கும் வளையத்தில், அதாவது உள்வட்டத்தில், பொறித்திருக்கும் மேட்ரிக்ஸ் எண். அது அந்தப் பதிவுக்கே உரியது, பக்கத்துக்குப் பக்கம் மாறும். கம்பெனி லேபிளை மாற்றும், பட்டியல் எண்ணை மாற்றும், பத்து வருஷம் கழித்து வேறு நிறத்தில் மறுபடி வெளியிடும். அதே பதிவிலிருந்து அச்செடுக்கிறவரை மேட்ரிக்ஸ் எண் மாறாது. லேபிள் யார் விற்றார் என்று சொல்கிறது, உள்வட்டம்தான் எப்போது யார் பதிவு செய்தார் என்று சொல்கிறது.

படிக்கும் முறை: இருட்டான அறையில் டார்ச்சைத் தட்டுக்குக் கிட்டத்தட்ட படுக்கையாகப் பிடித்து, தட்டை மெல்லச் சுற்றுங்கள். நிழலில் எழுத்து எழுந்து வரும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலைச் சாய்த்து லேசாகத் தேய்த்தால் தாளில் விழும். சில தட்டுகளில் எண் லேபிள் காகிதத்துக்கு அடியில் புடைப்பாக இருக்கும், அதைச் சுரண்டிப் பார்க்கும் வேலை வேண்டாம், சாய்வு வெளிச்சமே போதும்.

எண்ணோடு சேர்ந்து வரும் சின்னச் சின்னக் குறிகளை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பின்னால் 1, 2 என்றோ ரோமன் எண்ணிலோ இருந்தால் அது எத்தனையாவது முறை பாடிப் பதிவு செய்தது என்பது. கிராமபோன் கம்பெனியின் (நாய் மார்க் இவர்களுடையதுதான்) ஆரம்பகாலத் தட்டுகளில் எண்ணை ஒட்டி ஒரு சிறிய ஆங்கில எழுத்து இருந்தால், அது பதிவு செய்த பொறியாளரையும் தட்டின் அளவையும் காட்டும். அப்புறம் மின்பதிவுக் குறிகள். 1925 வரை மைக் கிடையாது, பாடகர் பெரிய குழலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கத்திப் பாடினார். மைக் வந்தபிறகு நாய் மார்க் தட்டுகளில் மேட்ரிக்ஸ் எண்ணுக்குப் பின்னால் ஒரு முக்கோணம் வந்தது, அது அமெரிக்க வெஸ்டர்ன் எலக்ட்ரிக் முறையின் குறி. கொலம்பியா கம்பெனித் தட்டுகளில் அதே முறைக்கு வட்டத்துக்குள் டபிள்யூ. 1931இல் நாய் மார்க் கம்பெனியும் கொலம்பியாவும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆன காலத்தில், சொந்த முறை ஒன்று வந்ததும் நாய் மார்க்கில் சதுரம், கொலம்பியாவில் வட்டத்துக்குள் சி. முக்கோணம் இருந்தால் 1925க்கு முந்திய பதிவு இல்லை, சதுரம் இருந்தால் 1931க்கு முந்தியது இல்லை. வேறு எதுவும் தெரியாத தட்டுக்கும் இந்த ஒரு கீழெல்லை கிடைத்துவிடும்.

நம் ஊர்ப் பெயரோடு ஒருவரை வைத்துச் சொல்கிறேன். கோயம்புத்தூர் தாயி 1917இல் காலமானார். அவர் பாடிய எல்லாமே குழல் காலத்துப் பதிவு. அவர் பெயர் போட்ட தட்டில் முக்கோணம் இருப்பதாக யாராவது சொன்னால் ஏதோ தப்பு, ஒன்று லேபிள் மாறி ஒட்டியிருக்கிறது, இல்லை சொல்பவர் சரியாகப் பார்க்கவில்லை. அதேபோல எஸ்.ஜி. கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். அவர் தட்டுகள் அதற்குப் பிறகும் விற்றன. ஆகவே பதிவு 1933க்குப் பிந்தியது இல்லை என்று அடித்துச் சொல்லலாம், ஆனால் உங்கள் கையில் இருக்கும் தட்டு அப்போது அச்சானதா, பின்னால் மறு அச்சா என்பது தனிக் கேள்வி. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் தட்டுகளில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம், ஏனென்றால் அவர் பல பத்தாண்டு பாடியவர், அவர் பெயரை வைத்துக் காலம் சொல்லவே முடியாது, உள்வட்டம்தான் கதி.

எந்த ஆலை?

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியின் பதிவாளர் பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தா வந்து பாடகி கௌஹர் ஜான் போன்றவர்களைப் பதிவு செய்தபோது இங்கே தட்டு அச்சடிக்கும் ஆலை கிடையாது. மெழுகில் எடுத்த பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் போய், தட்டாகத் திரும்பி வந்தது. சோட்டா நாக்பூர் காடுகளில் எடுத்த அரக்கு வெளிநாடு போய்ப் பாட்டாகத் திரும்பி வந்து நமக்கே விற்றது, அந்தக் காலத்து வியாபாரம் அப்படி. அந்தத் தட்டுகளுக்கு ஒரு பக்கம் மட்டுமே பாட்டு. லேபிளில் நாய் இருக்காது, எழுதுகோல் பிடித்த தேவதை இருக்கும். "ரீப்ரொட்யூஸ்டு இன் ஹானோவர்" என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கும். பட்டியல் எண்ணிலும் ஒரு ஒழுங்கு உண்டு: 12 ஆயிரத்தில் தொடங்கினால் ஆண் குரல், 13 ஆயிரத்தில் தொடங்கினால் பெண் குரல், அந்த வரிசை தீர்ந்தபோது முன்னால் ஓர் இலக்கமும் கோடும் சேர்த்துக்கொண்டார்கள். பாட்டின் கடைசியில் பாடியவர் தன் பெயரைச் சொல்வதும் கேட்கலாம். மொழி தெரியாத ஜெர்மன் ஆட்கள் லேபிளை மாற்றி ஒட்டிவிடக் கூடாதே என்பதற்காக என்று சொல்வார்கள்.

1908இல் கல்கத்தா சியால்தாவில் ஆலை வந்தது, அப்புறம் 1920களின் கடைசியில் டம் டம்முக்கு மாறியது. தேவதை போய் நாய் வந்தது இந்தியாவில் 1910களின் நடுவில். நம் பக்கம் கிடைக்கும் நாய் மார்க், ட்வின், கொலம்பியா தட்டுகளில் பெரும்பாலானவை டம் டம் சரக்குதான், லேபிளின் ஓரத்துச் சின்ன எழுத்தில் "டம் டம்" அல்லது "மேட் இன் இந்தியா" என்று தேடுங்கள், பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது. லேபிள் பெயர் வேறாக இருந்தாலும் ஆலை இதுவாகவே இருக்கலாம்: கல்கத்தா மெகாபோன் தட்டுகளும் இங்கேதான் அச்சாயின. பம்பாய் யங் இந்தியா சொந்த ஆலை வைத்திருந்தது.

ஓடியன் வேறு கதை. ஜெர்மன் கம்பெனி, இரண்டு பக்கத் தட்டை 1904இலேயே கொண்டுவந்தவர்கள். முதல் உலகப் போருக்கு முந்தைய ஓடியன் சில 10 அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரியவை, பத்தே முக்கால் இருக்கும், உறைக்குள் போகாமல் அடம்பிடித்தால் சந்தேகப்பட்டு அளந்து பாருங்கள். போர் வந்ததும் வரத்து நின்றது. மறுபடி 1930களில் மதராஸில் ஓடியன் பதிவுகள் நடந்தன, ஏ.வி. மெய்யப்பன் 1932இல் கூட்டாளிகளோடு தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ்தான் இங்கே விற்றது. பதிவு மதராஸ், அச்சு ஜெர்மனி, விற்றது மவுண்ட் ரோடு, வாங்கியது பொள்ளாச்சிக்காரர் என்று ஒரே தட்டில் நாலு ஊர் இருக்கும், உங்கள் குறிப்பில் நான்கையும் தனித்தனியாக எழுத வேண்டும்.

ஹேஸ் அச்சுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. லேபிளுக்கு இடப்பக்கம் ஓர் எண், வலப்பக்கம் ஒன்றிரண்டு ஆங்கில எழுத்து இருக்கும். அந்த எழுத்துதான் எத்தனையாவது அச்சு வார்ப்பில், அதாவது தட்டை அழுத்தும் உலோக அச்சில், அடித்தது என்பது. "கிராமபோன்" என்பதன் ஆங்கில எழுத்துகளில் முதல் ஏழும், "லிமிடெட்" என்பதன் சுருக்கமான மூன்றும் சேர்ந்த பத்தை 1 முதல் 9, கடைசியாக 0 என்று வைத்துக்கொண்டார்கள்: ஜி 1, ஆர் 2, ஏ 3 என்று போகும். ஜிஆர் என்றால் 12ஆவது வார்ப்பு. எண் பெரிதாக இருந்தால் அந்தத் தட்டு நன்றாக விற்றிருக்கிறது என்று பொருள், பாட்டின் செல்வாக்கைப் பட்டியலே இல்லாமல் தெரிந்துகொள்ளலாம்.

உடைந்த தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். லேபிளும் உள்வட்டமும் முழுசாக இருந்தால் தகவல் அத்தனையும் இருக்கிறது. உடைந்த ஓரத்தைப் பார்த்தால் உள்ளே என்ன என்பதும் தெரியும்: கொலம்பியாவின் பல தட்டுகளில் நடுவே ஒரு அடுக்கு வேறாக இருக்கும், மேலே மட்டும் நல்ல அரக்கு. அதனால்தான் கொலம்பியாவில் இரைச்சல் குறைவு.

உறையை மட்டும் நம்பாதீர்கள். கடை முத்திரை அழகாக இருக்கும், ஆனால் உறை கைமாறிக்கொண்டே இருப்பது. லேபிள் மேலேயே ஒட்டிய கடைச் சீட்டுக்குத்தான் மதிப்பு.

சினிமாத் தட்டு

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா படங்களின் பாட்டைத் தேடுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். படம் எடுத்தது இங்கே என்பதால் தட்டும் இங்கே பதிவானது என்று நினைக்க வேண்டாம். 1930கள், 40களில் பல பாட்டுகளைத் தட்டுக்கென்று தனியாக மறுபடி பாடினார்கள், சில நேரம் படத்தில் பாடியவரே இல்லை. லேபிளில் உள்ள பெயரை அந்தப் படத்தின் பாட்டுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் இருக்கின்றன, கோவையிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்க்கத் தகுந்த இடம். ஆரம்பகால இந்தியத் தட்டுகளுக்கு ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கின்னியர் தொகுத்த அட்டவணைகள்தான் அடிப்படை. இணையத்தில் டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தளத்தில் தேடலாம், ஆனால் அங்கே தமிழ்ப் பெயர்களைப் பல விதமாக எழுதியிருப்பார்கள், பெயரை விட்டுவிட்டு எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

கழுவுவது, ஓட்டுவது, வைப்பது

ஸ்பிரிட், சானிடைசர் எதுவும் தொடக்கூடாது, அரக்கு ஆல்கஹாலில் கரைந்துவிடும். டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி, மென்மையான பிரஷ், வரி போகும் திசையிலேயே வட்டமாக. லேபிள் நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உடனே துடைத்து நிழலில் நிற்க வைத்துக் காயவிடுங்கள், வெயிலில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். லேபிளில் பென்சிலில் ஏதாவது எழுதியிருந்தால் அழிக்காதீர்கள்.

வினைலுக்கான ஊசியை இதில் போடக்கூடாது. 78இன் வரி அகலம், அதற்கு சுமார் 3 மில் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை உள்ள ஊசி தனியாகக் கிடைக்கும்; வினைல் ஊசி ஒரு மில்லுக்கும் குறைவு, அது வரியின் அடியில் உட்கார்ந்து அழுக்கைத்தான் வாசிக்கும். சாவி கொடுக்கும் பழைய பெட்டியில் ஓட்டினால் இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. தட்டில் உள்ள கல்மாவு ஊசியைத் தேய்க்கும், தேய்ந்த ஊசி அடுத்த பக்கத்தைக் கீறும். ஊசி விலை மலிவு, கஞ்சத்தனம் பார்க்க இது இடம் இல்லை. வேகமும் எப்போதும் சரியாக 78 இல்லை, குழல் காலத்துப் பதிவுகள் 70களின் தொடக்கத்திலிருந்து 80க்கு மேலும் மாறும். குரல் கீச்சென்று கேட்டால் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

நிற்க வைத்துத்தான் அடுக்க வேண்டும், சாயாமல். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே சித்திரை வெயிலில் வைத்தால், கரூர், ஈரோடு பக்கம் சொல்லவே வேண்டாம், தட்டு நெளிந்துவிடும். காகித உறை போதும், காற்றுப் புகாத பிளாஸ்டிக்கில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பஸ்ஸில் கொண்டுவரும்போது அட்டைப் பெட்டியில் நிற்க வைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், மேலே சாமான் வைக்கும் இடத்தில் போட்டால் வீட்டில் எண்ணிப் பார்க்க வேண்டி வராது.

குறிப்பு நோட்டு

வாங்கின அன்றே எழுதுங்கள். எங்கே யாரிடம் கிடைத்தது, லேபிள் நிறம், பட்டியல் எண், இரு பக்கத்து மேட்ரிக்ஸ் எண்ணும் குறிகளும், பாடியவர், பாட்டின் முதல் வரி, ராகம் போட்டிருந்தால் ராகம், அச்சான இடம், கடைச் சீட்டு, விரிசல். ஊகத்தைப் பென்சிலிலும் கண்ணால் பார்த்ததைப் பேனாவிலும் எழுதும் வழக்கம் வைத்துக்கொண்டால் பின்னால் தகராறு இல்லை. நாடக செட் கிடைத்தால், ஒரே கதை பல தட்டில் வரிசையாக வரும், எந்தப் பாகம் குறைகிறது என்பதையும் குறித்து வையுங்கள். அந்தக் குறைந்த பாகம் எங்கோ தாராபுரத்திலோ கோபியிலோ இன்னொருவரிடம் தனியாகக் கிடக்கும். மாற்றிக்கொள்ளும்போது தட்டோடு அந்த நோட்டுப் பக்கத்தின் நகலையும் கொடுத்துவிடுங்கள்.